உம் ரீஷ் தீவில் கொடி ஏறிய நேரம்

ஜலஜாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவர் முரளிதரன் பதில் சொல்லிவிடுவார்.

"அடுத்தவங்க கடிதாசியப் படிக்கிறது. அதுக்குச் சம்பளமும் உண்டு."

கேலியாகச் சொன்னாலும் உண்மை அதுதான். ஷார்ஜாவிலிருந்து வடக்கே அரைமணி நேரம் காரில் போனால் கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளைக் கட்டடம் வரும். இந்தக் கரையோரத்து ஷேக்குகள் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த காலத்துக் கடிதங்களையெல்லாம் பிரதியெடுத்துச் சேர்த்துவைக்கும் ஆவணக் காப்பகம் அது. ஒவ்வொரு கடிதத்துக்கும் கணினியில் ஓர் அட்டை. யார் எழுதியது, யாருக்கு, எந்தத் தேதி, எத்தனை மணி, விஷயம் என்ன. பதினோரு வருடங்களாக ஜலஜா அந்த அட்டைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அவள் மன்னார்குடிக்காரி. திருச்சியில் வரலாறு எம்.ஏ. படித்தவள். கல்லூரி ஆசிரியை ஆகியிருக்க வேண்டியவள் என்று அப்பா வெகுகாலம் குறைப்பட்டுக்கொண்டார். அவளுக்கு அந்தக் குறை இருந்ததில்லை. நாற்பது முகங்களைப் பார்த்துப் பேசுவதைவிட ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு இயல்பாக வந்தது. கல்யாணமாகி ஷார்ஜா வந்து, மகள் தாரிணி பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம் இந்த வேலை கிடைத்தது. முதல் நாள் மேசையில் வைத்த காகிதக் கட்டில் எண்பது வருடத்துக்கு முந்திய ஒரு புகார் இருந்தது. யாரோ ஒருவருடைய ஒட்டகம் யாரோ ஒருவருடைய பேரீச்சையைத் தின்றுவிட்டது. அதற்கு மூன்று அதிகாரிகள் பதில் எழுதியிருந்தார்கள். இந்த வேலையை விடக் கூடாது என்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

முரளிதரன் பதினாறு வருடம் ருவைஸில் இருந்தார். வாரம் முழுக்க அங்கே சுத்திகரிப்பு ஆலையில் டியூட்டி, வார இறுதியில் மட்டும் வீடு. போன வருடம் அந்த ஒப்பந்தம் முடிந்துபோனது. ஊருக்குத் திரும்பலாமா என்று பேச்சு வந்தபோது தாரிணி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். இரண்டு வருடம் இங்கேயே முடிக்கட்டும் என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அப்பாவும் மகளும் ஜலஜாவின் விசாவுக்கு மாறினார்கள்.

"இனிமே நீதான் என் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பாளி," என்று முரளிதரன் கும்பிடு போட்டார். சமையலையும் அவரே எடுத்துக்கொண்டார். அவர் வைக்கும் வத்தக்குழம்பு ஜலஜா வைப்பதைவிட நன்றாக இருந்தது. இதை அவள் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஆக, எல்லாம் அவளுடைய ஒப்பந்தத்தில் நின்றது. அது இந்த மாதக் கடைசியில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கும் கடிதம் இயக்குநர் டாக்டர் ஹெஸ்ஸாவின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கையெழுத்து விழுந்தால் தாரிணி தன் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுவாள். விழாவிட்டால் மூன்று பேரும் பாதிப் படிப்பில் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் உம் ரீஷ் தீவு விவகாரம் மறுபடி கிளம்பியது.

சின்னத் தீவு. சுற்றி நடந்தால் நாற்பது நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். கடற்காகங்களும், செங்காவி மண்ணும், உப்புக் கரிக்கும் ஒரு கிணறும்தான் அங்கே உண்டு. ஆனால் 1935இல் அந்தச் செங்காவிக்கு லண்டனிலிருந்து ஒரு கம்பெனி ஆசைப்பட்டது. உடனே வடக்கு ஊர் ஷேக்கும் தெற்கு ஊர் ஷேக்கும் தீவு எனதென்று எழுந்தார்கள். இரண்டு பேரும் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தவர்கள். அவர்கள் தமக்குள் படை திரட்டவும் கூடாது, வெளிநாட்டாரோடு தாமே பேசவும் கூடாது. ஆகையால் இரண்டு பேரும் கடிதம் எழுதினார்கள். நூற்றுப்பன்னிரண்டு கடிதங்கள்.

படித்துச் சலித்த பிரிட்டிஷ் அதிகாரி கடைசியில் ஒரு கப்பலை அனுப்பினார். கப்பல் போய்ச் சேரும்போது யாருடைய கொடி அங்கே பறக்கிறதோ தீவு அவருக்கு என்பது ஏற்பாடு. நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கப்பல் உம் ரீஷை அடைந்தது. அன்று மாலை கப்பல் தலைவர் எழுதிய அறிக்கையில் வடக்கு ஊர்க் கொடியைக் கண்டதாக ஒரே வரி. எத்தனை மணிக்குக் கண்டார் என்று அவர் எழுதவில்லை. தீவு வடக்குக்குப் போயிற்று.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் நாலு வருடத்துக்கு முன் தெற்கு ஊர்க்காரர் கல்ஃபான், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், ஒரு புத்தகம் எழுதினார். கரையோரத்தில் பிரிட்டிஷாருக்கு முகவராக இருந்த அரபியர் எழுதிய கடிதத்தில் கொடி ஏறியது வியாழன் பகல் ஒரு மணிக்கு என்று இருக்கிறது, காப்பகத்தின் அட்டையே அதற்குச் சாட்சி என்றார். கப்பல் வந்தது ஒன்பதுக்கு, கொடி வந்தது ஒன்றுக்கு. ஆக, வெறும் தீவைப் பார்த்த கப்பல்காரர்கள் வடக்கு ஊர் ஆட்கள் வந்து கொடி நடும்வரை நாலு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். ஏமாற்று வேலை.

இப்போது இரண்டு ஊரும் ஒரே நாட்டில் இருக்கின்றன. தீவு பறவைகளுக்கு என்று விடப்பட்டுவிட்டது. யாருக்கும் அதனால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. இருந்தாலும் தீவைப் பற்றிக் காப்பகம் ஒரு கண்காட்சி நடத்தப்போகிறது என்றதும் பழைய சூடு திரும்பிவிட்டது. அந்தக் கொடியைத் தகரப்பெட்டியில் இன்னும் வைத்திருக்கும் வடக்கு ஊர்ப் பெரியவர் உபைத், அதைக் கண்காட்சிக்குத் தர முடியாது என்று சொல்ல நேரிலேயே வந்தார். கொடி நட்டவர் அவருடைய தகப்பனார்.

ஜலஜா அப்போது டாக்டர் ஹெஸ்ஸாவின் அறையில் கோப்பு கொடுக்கப் போயிருந்தாள். பதினோரு வருடத்தில் அவளுக்கு ஓரளவு அரபி புரியும். பெரியவர் சத்தம் போடவில்லை.

"என் தகப்பனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது," என்றார். "அவர் தனக்காகப் பேசி ஒரு கடிதம்கூட உங்கள் கட்டடத்தில் இருக்காது. ஆனால் அவர் கப்பலுக்குப் பின்னால் வந்த திருடன் என்று நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். இதற்குப் பக்கத்தில் அவருடைய கொடியை நான் மாட்ட வேண்டுமா?"

அவருக்கு வைத்த காப்பி அப்படியே ஆறிப்போயிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. பக்கத்து மேசையில் நஜீஹா பழைய பக்கங்களை மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். காயல்பட்டினத்துப் பெண். வேலை ஓடும்போது வாயும் ஓடும்.

"அக்கா, இங்க வாங்களேன். உங்க முகவரோட கூத்தப் பாருங்க."

"என்ன நஜீ?"

"நோன்பு நேரத்துல எழுதின கடிதாசி. 'பன்னிரண்டு அடித்ததும் நோன்பு திறந்தோம், பிறகு தங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்'னு போட்டிருக்காரு. உச்சி வெயில்ல நோன்பு தொறக்குற ஊரு எதுக்கா? எனக்கும் அங்க ஒரு வீடு பாத்துக் குடுங்க."

ஜலஜாவும் சிரித்தாள். அவள்தான் அந்தக் கடிதத்துக்கும் அட்டை போட்டவள். மொழிபெயர்த்த குமாஸ்தா கை தவறி எழுதியிருப்பான் என்று அப்போது விட்டுவிட்டது நினைவிருந்தது.

"பன்னெண்டுன்னா ராத்திரியா இருக்குமோ?" என்றாள்.

"ராத்திரி பன்னெண்டு வரைக்கும் பசியோட யாருக்கா இருப்பா? சூரியன் அடைஞ்சு மஃரிப் பாங்கு சொன்னா வாயில பேரீச்சம்பழம் போயிரும்." சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆங், பழைய அரபி மணியா இருக்குமோ? எங்க வாப்பாவோட வாப்பா ஜித்தாவுல கடை வச்சிருந்தப்போ கடிகாரத்துல சூரியன் அடையும்போதுதான் பன்னெண்டு வைப்பாங்களாம். அங்கேருந்து புது நாள். இப்பவும் எங்களுக்கு அப்படித்தானே? அஸ்தமிச்சா அடுத்த நாள் பொறந்திரும். இன்னைக்கு சாயங்காலம் எங்களுக்கு வெள்ளி ராத்திரி. யாசீன் ஓதணும், நாலு மணிக்கே கெளம்புறேன், மேடத்துக்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

ஜலஜா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சூரியன் அடையும்போது பன்னிரண்டு என்றால் அதற்கு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. அங்கேயே வியாழக்கிழமை தொடங்கிவிட்டது என்றால் வியாழன் ஒரு மணி என்பது நமக்குப் புதன் சாயங்காலம், ஆறரை மணி, கப்பல் வருவதற்கு முந்தின நாள்.

அவள் வீட்டிலேயே இதே போன்ற ஒரு தகராறு உண்டு. தாரிணி விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்தவள். ஆஸ்பத்திரிச் சான்றிதழில் வெள்ளிக்கிழமை, மன்னார்குடி ஜோசியர் எழுதிய ஜாதகத்தில் வியாழக்கிழமை. நமக்கு நாள் விடியும்போதுதான் பிறக்கும், வெள்ளைக்காரனுக்கு நடுராத்திரியில் பிறந்துவிடும் என்று மகளுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாள். அஸ்தமனத்தில் நாள் பிறக்கும் மனிதர்கள் நடுவே இத்தனை வருடம் இருந்தும், அவர்கள் கடிகாரமும் அப்படி ஓடியிருக்கும் என்று தோன்றவில்லை.

கோப்பை எடுத்து முகவரின் கடிதத்தைத் தேடினாள். ஆங்கில மொழிபெயர்ப்பில் 'வியாழக்கிழமை ஒரு மணிக்கு' என்று மட்டும் இருந்தது. பகல் என்ற சொல்லே இல்லை. அது அவள் போட்டது. கணினி அட்டையில் மணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. காலையா மாலையா என்று ஒன்றைத் தொடாவிட்டால் அட்டை சேமிக்காது. நடுராத்திரி ஒரு மணிக்கு எவன் கொடி நடுவான் என்று நினைத்து, ஒன்பது வருடத்துக்கு முன் அவள் ஒன்றைத் தொட்டிருந்தாள்.

அன்று வீட்டில் அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பதை முரளிதரன் பார்த்தார். "குழம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு விஷயத்தை முழுவதும் சொன்னாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அட்டையை நீயே திருத்த முடியுமில்ல?"

"முடியும். ஒரு நிமிஷ வேலை."

"அப்ப திருத்திடு. மாசக் கடைசியில கையெழுத்து வரட்டும். அப்புறம் நிதானமா வாயத் தொற."

"அதுக்குள்ள கண்காட்சி தொடங்கிடுங்க. சுவத்துல என்னோட ஒரு மணியத்தான் பெருசா எழுதி மாட்டப்போறாங்க."

"உங்க ஆபீஸ்ல போட்டோவுக்குத் தலைப்பு எழுதினவர் என்ன ஆனார், நீதானே சொன்னே?"

மறக்கவில்லை. ஒரு ஷேக்கின் தம்பியை அண்ணன் என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

தாரிணி போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "வெயிட். அம்மா, நீ பி.எம்.னு கிளிக் பண்ணினதால ஒருத்தரோட அப்பா சீட்டர் ஆயிட்டாரா? சீரியஸ்லி?"

"ஆமாண்டி."

"தட்ஸ் ஸோ பேட்."

"உன் படிப்புக்காகத்தான் யோசிக்கிறோம்," என்றார் முரளிதரன்.

"ஸோ இப்ப என் மேல போடுறீங்களா? நைஸ்." அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். குழாயை வேண்டிய அளவுக்கு மேலேயே திறந்துவிட்டாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஜலஜா அதை வெளியே பேசவில்லை. பால்கனியில் காய்ந்த துணியை மடித்தாள், இட்லிக்கு அரைத்தாள், தாரிணியோடு கடைக்குப் போய் ஷூ வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகப் பேச ஒரே ஒரு கடிதம் இருக்கிறது, அது இருக்கும் இடம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது ஷூ கடையில்கூட அவளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை முரளிதரனிடம் சென்றாள். "நாளைக்குச் சொல்லிடப்போறேங்க."

"தெரியும்," என்றார் அவர். "மூணு நாளா நீ ஒரே துண்டத்தான் மடிச்சிட்டிருக்கே. சொல்லிடு. பெட்டி கட்டுறதுன்னா நான் கட்டுறேன், எனக்கு நல்லா வரும்."

திங்கட்கிழமை காலை டாக்டர் ஹெஸ்ஸாவின் மேசைமேல் இரண்டு கடிதங்களையும் அட்டையின் பிரதியையும் வரிசையாக வைத்தாள். இங்கிலீஷில் சொல்ல முதல் நாளே ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் பாதி வரவில்லை. "தப்பு என்னுடையது. 'பகல்' என்பது கடிதத்தில் இல்லை. நான் சேர்த்தது" என்பது மட்டும் தெளிவாக வந்தது.

டாக்டர் ஹெஸ்ஸா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோன்புக் கடிதத்தைப் படித்தார். பிறகு கொடிக் கடிதத்தை. பிறகு மறுபடி நோன்புக் கடிதத்தை.

"இந்த அட்டை எத்தனை வருஷமாக இருக்கிறது?"

"ஒன்பது வருஷம், டாக்டர்."

"வேறு யாருக்குத் தெரியும்?"

"நஜீஹாவுக்குப் பாதி தெரியும். என் வீட்டில் முழுசும் தெரியும்."

டாக்டர் ஹெஸ்ஸாவின் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "உபைதும் கல்ஃபானும் கண்காட்சி விஷயமாகப் பதினோரு மணிக்கு வருகிறார்கள். என்னிடம் சொன்னதை அப்படியே அவர்களிடமும் சொல். நான் அரபியில் சொல்கிறேன்."

கூட்ட அறையில் ஒரு பக்கம் உபைத், எதிரே கல்ஃபான். நடுவே காப்பிக் கூஜாவும் பேரீச்சம்பழமும். ஜலஜா உட்காரவில்லை. நாற்பது முகங்களைவிட இரண்டு முகங்கள் கடினமானவை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. சொன்னாள். டாக்டர் ஹெஸ்ஸா வரிக்கு வரி அரபியில் சொன்னார். நோன்பு திறந்த பன்னிரண்டு மணி வந்ததும் கல்ஃபான் கையை நீட்டி அரபி மூலத்தை வாங்கிக்கொண்டார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"என் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இந்த ஒரு மணியின்மேல் நிற்கிறது," என்றார்.

"மன்னியுங்கள், உஸ்தாத்," என்று ஆசிரியருக்குரிய மரியாதையோடு சொன்னாள் ஜலஜா.

"எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் மஃரிபுக்குப் பன்னிரண்டு அடித்ததைச் சின்ன வயதில் நானே கேட்டிருக்கிறேன்." அவர் காகிதத்தை மெல்லக் கீழே வைத்தார். "இந்தியாவிலிருந்து வந்த பெண்ணுக்குத் தெரியவில்லை, சரி. எனக்கும் அல்லவா தோன்றவில்லை! அட்டையில் பகல் என்று பார்த்தேன், அது எனக்கு வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்."

உபைத் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு டாக்டர் ஹெஸ்ஸாவைப் பார்த்து, சின்னக் குரலில், "தொழுதுவிட்டு இரண்டு பழம் தின்றோம், பிறகுதான் கம்பை நட்டோம் என்பார் என் தகப்பனார். இருட்டில் கொடியின் நிறமே தெரியவில்லையாம். சரியாக நட்டோமா என்று விடியும்வரை தூங்கவில்லையாம்," என்றார். கண்ணைத் துடைக்காமல் அப்படியே விட்டார்.

கல்ஃபான் எழுந்து போய் அவர் நெற்றியில் முத்தமிட்டார். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் முறை அங்கே அது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொடி கப்பலுக்கு முந்தி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். திருத்தி எழுதுகிறேன். ஆனால் தீவு எங்களுடையதுதான். அந்தக் கிணற்றைத் தோண்டியது எங்கள் ஆட்கள்."

"தோண்டினீர்கள், உப்புத் தண்ணீர் வந்ததும் விட்டுவிட்டு ஓடினீர்கள்," என்றார் உபைத்.

"ஓடவில்லை, முத்துக் குளிக்கப் போனோம்!"

"அது வேறு சண்டை. அதை நாம் நிதானமாகப் போடலாம். காப்பியை ஊற்று."

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவர்கள் அந்தக் கிணற்றைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஜலஜாவைப் பார்த்து யாரும் கோபப்படவில்லை. சொல்லப்போனால் அவள் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்கள். புறப்படும்போது உபைத் வாசலில் நின்று, தகரப்பெட்டியை வியாழக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். பிறகு, "உங்கள் கடிகாரப்படி வியாழன்," என்று சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் போனபின் டாக்டர் ஹெஸ்ஸா அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒப்பந்தக் கடிதம் இருந்தது. பேனா மூடியபடி இருந்தது.

"காலையா மாலையா என்று அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கச் சொன்னது யார் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது, டாக்டர்."

"நான்தான். கணினிக்காரன் வேண்டாம் என்றான். வெற்றிடம் விட்டால் அழகாக இருக்காது என்றேன்." அவர் பேனாவைத் திறந்தார். "மணி குறித்த கடிதங்கள் மொத்தம் எத்தனை இருக்கும்?"

"ஆயிரத்து நூறுக்கு மேல்."

"எல்லாவற்றையும் மறுபடி பார். எது அரபி மணி, எது ஐரோப்பிய மணி, எது நமக்குத் தெரியாது என்று ஒவ்வொன்றிலும் எழுது. தெரியாததைத் தெரியாது என்றே எழுது. வேறு ஒருவரை வைத்தால் அவர் முதலிலிருந்து தப்பு செய்யத் தொடங்குவார். அதற்கு எனக்கு நேரமில்லை." கையெழுத்துப் போட்டு நீட்டினார். "கலாஸ், முடிந்தது. இனி இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்."

ஜலஜா கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நஜீஹா ஓடிவந்து தேதியைப் படித்துப் பார்த்தாள். முழு இரண்டு வருடம்.

"பாத்தீங்களாக்கா, நான் அன்னைக்குச் சீக்கிரம் போனதுகூட நல்லதுக்குத்தான்!"

"நீ போனதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"தெரியாது. இந்த வாரமும் கேப்பேன், அதுக்குத்தான் சொல்லி வைக்கேன்."

வீட்டில் முரளிதரன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தாரிணி எட்டிப் பார்த்து, "யெஸ்!" என்று கத்திவிட்டு, கத்தாதவள் போல அறைக்குள் போய்விட்டாள்.

"ஒரு தப்புக்கு ரெண்டு வருஷ விசாவா?" என்றார் அவர். "இன்னும் ஒண்ணு ரெண்டு கிடைக்குமான்னு நல்லா தேடிப் பாரு ஜலா. பொண்ணு காலேஜையும் இங்கேயே முடிச்சிடலாம்."

"ஆயிரத்து நூறு அட்டை பாக்கணும். தேடாமலே கிடைக்கும்," என்றாள் ஜலஜா. அவர் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தட்டை நகர்த்தி இன்னொரு கரண்டி வத்தக்குழம்பு கேட்டாள். அப்படியே, இது தான் வைப்பதைவிட நன்றாக இருக்கிறது என்பதையும் அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.